ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். தையல்காரர் மகளுடைய கல்யாணத்தை முடித்துவிட்டார். பாக்கி வீடுதான். ‘கட்டிப் பார்’ என்பதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆள் வைத்துக் கட்டிவிட்டு ஓரமாக நின்று பார்ப்பதைப் பழமொழி சொல்லவில்லை என்பது அவர் கட்சி. அஸ்திவாரத்தை மட்டும் கொத்தனாரிடம் விட்டார். அதற்கு மேலே ஒவ்வொரு செங்கல்லும் தன் கையால்தான் என்று பிடிவாதமாக நின்றார்.

கொத்தனார் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பக்கத்து இடம். முதல் நாளே தன் இரும்பு டேப்பை இரவல் தர வந்தார். தையல்காரர் கழுத்தில் மாலைபோல் கிடந்த தன் டேப்பைத் தொட்டுக்காட்டி, “இதால அளந்து தச்சதுக்கு இதுவரை ஒருத்தரும் என் சட்டையைப் பிடிச்சதில்ல” என்றார். கொத்தனார் தன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். ஐம்பத்தாறு வயதுக்காரனுக்குப் புத்தி சொல்ல அவருக்கென்ன வேண்டுதலா?

வார நாட்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை தனியாளாகக் கட்டுவார். பிறகு குளித்துவிட்டுக் கடைக்குப் போவார். ஞாயிறன்று மனைவியும் வருவாள். அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையில் எண்ணைப் பார்த்துச் செங்கல்லில் கரிக்கோடு போடுவாள். சாயங்காலம் கொத்தனார் வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார்.

சுவர் நேராகத்தான் நின்றது. போன திசைதான் சரியில்லை. அடுப்படிக்கும் அறைக்கும் நடுவே வெளிச்சுவரிலிருந்து எட்டடி தள்ளி ஒரு சுவர் எழுப்பியிருந்தார். ஐந்தடித் தையல் டேப்பை இரண்டு தடவை வைத்துத்தான் எட்டடி அளக்க முடியும். அதன் ஒரு முனையைச் சனிக்கிழமை தனியாகக் குறித்தார், மறுமுனையை ஞாயிறன்று மனைவியோடு. இடுப்பளவு வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு முனை மற்றதைவிட இரண்டு அங்குலம் உள்ளே இருந்தது. “சுவரு எங்கேயோ கிளம்பிப் போகுதேப்பா” என்று கொத்தனார் சிரித்தார். ஜன்னல் இரண்டும் அச்சடித்தாற்போல உட்கார்ந்தன. மாடம் இரண்டும் பலகையை உள்ளே விடவில்லை. ஜன்னல்கள் வார நாள் வேலை, மாடங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த தையல்காரர், ஞாயிறன்று வருகிற கொத்தனார்தான் தூக்குக்குண்டோடு வந்து ஏதோ நகர்த்திவிட்டுப் போகிறார் என்று கொஞ்ச நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனுஷன் செங்கல்லைத் தொடக்கூட இல்லை.

அப்புறம் வாசல் நிலை வந்தது. சொன்னபடியே தச்சர் முப்பத்தாறு அங்குல அகலத்துக்குச் செய்து அனுப்பியிருந்தார். ஞாயிறன்று அளந்து சுவரில் விட்ட இடத்துக்குள் அது நுழையவில்லை. அவரும் மனைவியும் கொத்தனாருமாக மூன்று பேரும் முட்டிக்கொண்டு தள்ளினார்கள். நிலை அசையவில்லை.

கொத்தனார் இரும்பு டேப்பை வைத்தார். முப்பத்தைந்து.

மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. தையல் டேப்பை வாங்கி அளந்தாள். முப்பத்தாறு என்றாள்.

தையல்காரர் அவள் கையிலிருந்து பிடுங்கித் தானே அளந்தார். “முப்பத்தஞ்சு” என்றார்.

“நல்லாப் பாருங்க” என்று அவள் டேப்பில் விரலை வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவள் விரலுக்குக் கீழே இருந்தது முப்பத்தாறு. சத்தியமாக முப்பத்தாறு. அப்படியானால் தன் வாய் ஏன் முப்பத்தைந்து என்றது? திரும்ப அளந்தார். திரும்பவும் வாய் முப்பத்தைந்து என்றது, கண் முப்பத்தாறைப் பார்த்தது. கொத்துக்கரண்டியைக் கழுவாமல்கூட சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் எண்கள் தடுமாறின. நான்கு படி ஏறிவிட்டு ஐந்து என்பார். அடுத்த வருஷம் பிள்ளைகளைப் பார்த்து, நீங்க யாரு என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையைத்தான் தையல்காரரால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தன் மகள் முன்னால் தானும் அப்படி உட்காரப்போகிறோமோ என்று பயந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் செங்கல்லைத் தொடவில்லை. கடையில் வந்தவர்களையெல்லாம் இரண்டு தடவை அளந்தார். ஒருவர் பொறுக்காமல், எனக்குச் சட்டைதானே தைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அளவெல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் இன்னும் குழப்பியது. கடையில் தெளிவாக இருக்கும் புத்தி, வாசல் நிலையில் மட்டும் ஏன் கழன்றுகொள்கிறது? போதாததற்கு, தினமும் காலையில் ஒரு துண்டுச் சீட்டில் மகள் பெயரையும் அவள் பிறந்த தேதியையும் பார்க்காமல் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் எடுத்துச் சரிபார்ப்பார்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்தபோது மனைவி வீட்டில் இல்லை. அன்று காலையில் கொடியிலேயே விட்டுவிட்டுப் போன டேப்பும் இல்லை. கட்டுகிற வீட்டுக்குப் போனார். வாசல் நிலைக்காக விட்ட இடத்தில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப். அதன் பக்கத்தில் மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மரஸ்கேல்.

“என் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு பாத்தேங்க” என்றாள். “இதுல ஒண்ணே இல்ல.”

டேப்பின் நுனியை நீட்டினாள். எண்கள் இரண்டிலிருந்துதான் ஆரம்பித்தன. ஸ்கேலில் ஒன்று இருக்கிற இடத்தில் டேப்பில் இரண்டு இருந்தது.

தையல்காரருக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது. எந்தக் காலத்திலோ இஸ்திரிப் பெட்டி பட்டு நுனி கருகியது. ஒரு அங்குலத்தைக் கத்தரித்துப் போட்டார். புது டேப் வாங்கலாம் என்று நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டார். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு அளவிலும் ஒன்றைக் கழி, வெட்டும்போது ஒன்றைச் சேர் என்று முணுமுணுத்தார். அப்புறம் முணுமுணுப்பு நின்றது. கை தானாகச் செய்தது, வாய் தானாகச் சொன்னது. அவர் தனியாக அளந்ததெல்லாம் சரியாக இருந்தது. மனைவி மட்டும் டேப்பில் இருப்பதை இருக்கிறபடி படித்தாள்.

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் கலங்கியது. புத்தி கெடவில்லை என்று நிம்மதியாக இருந்தது. ஆனால் இத்தனை பெரிய விஷயத்தை மறந்தே போனவனுக்குப் புத்தி கெடவில்லை என்று எப்படிச் சொல்வது என்றும் இருந்தது. இதை மறதி என்பதா, பழக்கம் என்பதா? அவருக்கு விளங்கவில்லை.

நுனியை வெட்டிய கதையைக் கேட்டுவிட்டு மனைவி டேப்பைச் சுருட்டினாள். முகத்தில் கோபம் இருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“ஒரு இஞ்ச் வெட்டினதையா?”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நாலைந்து துண்டுச் சீட்டுகள். துவைக்கும்போது சட்டைப் பைகளில் கிடைத்தவை. ஒவ்வொன்றிலும் மகள் பெயர், மகள் பிறந்த தேதி.

“அதையும்தான்” என்றாள்.

அவள் சீட்டுகளை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். பிறகு எழுந்து டேப்பின் நுனியை அவரிடம் கொடுத்துவிட்டு மறுபக்கச் சுவருக்குப் போனாள்.

“பிடிங்க. சுவத்துல எவ்வளவு வெட்டணும்னு பாக்கலாம். இனிமே ரெண்டு பேரும் சேந்தே கழிப்போம்.”