பாடாமல் நின்ற பாடகி

விஜயகலாவின் குரல் பெரிய குரல் அல்ல. சுருதி பிசகாது, சொற்கள் தெளிவாக விழும், மழை தூறினாலும் மேடையை விட்டு இறங்க மாட்டாள். அவ்வளவுதான். தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவள். 1994இல் பள்ளிக்கூடக் கலைவிழாவில் அவள் பாடியதைக் கேட்ட நல்லையா, தமது இசைக்குழுவுக்கு ஒரு பெண் குரல் வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். அதன்பின் தெரணியகலையிலிருந்து நிவித்திகல வரை, கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு எதுவானாலும் குழுவின் வேனில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை.

எல்லாம் சினிமாப் பாட்டுகள். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் பாட்டின் முதலடி வரும். அதைப் பாட வேண்டும். பாடி இறங்கினால் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே கேசட்ல கேக்குற மாதிரியே இருந்துச்சு புள்ள" என்பார்கள். அந்த மேடைகளில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பல வருடம் அதில் மகிழ்ந்தவளுக்கு ஒருநாள் அதன் பொருள் உறைத்தது. எவ்வளவு நன்றாகப் பாடுகிறாளோ, அவ்வளவுக்கு அவள் அங்கே இல்லாமல் போகிறாள். இதற்காக அவள் உட்கார்ந்து வருந்தவில்லை. வேறு எதையாவது செய்து பார்க்க ஒரு காரணம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாள்.

2004இல் அவிசாவளைக்குப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்குக் குழு போனது. பகல் சாப்பாடு வரை இவர்கள் பாடினார்கள். அங்கே தைக்கிற பெண்கள் நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பின் கொழும்பிலிருந்து வந்த டீஜே ஒருவன் மேசைக்குப் பின்னால் போய் நின்றான். பாட்டு இல்லை, சொல் இல்லை. சீராக நாலு அடி. திரும்பவும் அதே நாலு அடி. அதன்மேல் ஒவ்வொரு சத்தமாக வந்து ஏறி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கிப் போனது. நாற்காலிகள் சுவரோரம் போயின. ஆடியவர்கள் யாரும் டீஜேயைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழுவினர் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருக்க, விஜயகலா ஸ்பீக்கர் பெட்டியருகே நின்றாள். இது என்ன என்று டீஜேயிடம் சிங்களத்தில் கேட்டாள். "ஹவுஸ் மியூசிக், அக்கே" என்றான் அவன்.

வேனில் நல்லையா தொடங்கினார்.

"பாட்டே இல்லாத ஒண்ண அவ்வளவு நேரம் கேட்டியே, காது அவிஞ்சு போகலயா?"

"எல்லாரும் ஆடுனாங்களே மாஸ்டர்."

"கரண்டு அடிச்சாலுந்தான் ஆடுவாங்க."

"அப்ப நம்ம பாட்டுல கரண்டு இல்லன்னு சொல்றீங்க."

பின்னால் இருந்த டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். நல்லையா வெற்றிலையை ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

தெஹியோவிட்ட கடைத்தெருவில் சவுண்ட் செட் வாடகைக்கு விடும் முக்தாரிடம் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. கச்சேரி இல்லாத நாட்களில் அவருடைய கடையில் கேசட்டுகளைச் சீடிக்கு மாற்றும் வேலைக்கு விஜயகலா சேர்ந்தாள். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய ஒரு சீடியில் இசை கோர்க்கும் மென்பொருள் இருந்தது. எல்லாம் ஆங்கிலம். எழுத்தைப் படித்து அவள் கற்கவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, என்ன மாறுகிறது என்று காதால் கற்றாள். முதல் வருடம் செய்தவை கேட்கச் சகிக்காதவை. கடைக்குப் பின்னால்தான் முக்தாரின் வீடு. முஸ்லிம்கள் அண்ணனையும் அக்காவையும் அழைப்பதுபோலவே அவரை 'நானா' என்றும் அவருடைய மனைவி ஸுலைஹாவை 'தாத்தா' என்றும் விஜயகலா அழைப்பாள். ஸுலைஹா திரையை விலக்கி எட்டிப் பார்ப்பார்.

"விஜயகலா, கிரைண்டரா, பாட்டா?"

"பாட்டுதான் தாத்தா."

"அப்ப சரி. எங்கட கிரைண்டர் பழுதாப் போச்சோன்னு பாத்தன்."

2006 தொடக்கத்தில் அவள் இசைக்குழுவை விட்டாள். பாடாமல் டீஜேயாக மட்டும் நிற்கப்போகிறேன் என்றபோது நல்லையா சண்டை பிடிக்கவில்லை. சித்திரைத் திருவிழா முடியும்வரை வேறு பாடகி தேட மாட்டேன் என்று மட்டும் சொன்னார். முக்தாரோ இன்னும் நேராகப் பேசினார்.

"தங்கச்சி, ஒங்கட தோட்டத்துத் திருவிழாவுக்கு என்ட செட்டத் தாறன். ஒங்கட ஆக்கள் ஆடினா, மத்த எடங்கள்ள நான் செல்லி எடுத்துத் தருவன். ஆடாட்டி, மைக்குக்கே போயிடுங்க. என்னால ஏலாது."

எல்லாம் திருவிழாவின் ஒரே பிற்பகலை நம்பி நின்றது. அதற்காகவே அவள் ஒரு புதிய இசையைக் கோர்க்கத் தொடங்கினாள். கொழும்பு டீஜேயினுடையதைப் போல இருந்தால் அதுவும் கேசட்டைப் போலப் பாடுவதுதானே என்று நினைத்து, தோட்டத்தில் தப்பு அடிக்கும் இராமசாமியைக் கடைக்கு அழைத்து வந்தாள்.

"எல்லா அடியும் அடிங்க மாமா. பதிஞ்சு வெச்சுக்கிறேன்."

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம."

சீமெந்துத் தரையில் பழைய பேப்பரை எரித்துத் தப்பைச் சூடேற்றிக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் அடித்துக் காட்டினார் இராமசாமி. தேநீர் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் போனபின் விஜயகலா கேட்டுக் கேட்டு ஓர் அடியைத் தெரிந்தெடுத்தாள். கனமானது, இடைவெளி விட்டு விழுவது. வேகத்தைக் கூட்டியதும் நாலு அடிக்குள் பொருந்தி உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த முக்தாருக்கும் பிடித்தது. "இது நல்லா ஈக்கி" என்றார்.

திருவிழாவின் கடைசி நாள் பிற்பகல் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்வார்கள். கொழுந்தியாள் மச்சானை நனைக்கலாம், மச்சான் திருப்பி ஊற்றலாம், யாரும் கோபிக்கக் கூடாது. கோயில் கமிட்டித் தலைவர் இருளப்பனுக்கு அவளுடைய திட்டத்தில் நம்பிக்கை இல்லை.

"பாடுறதுன்னா பாடு. மேசைக்குப் பின்னால நின்னு என்ன செய்யப் போற?"

"நீங்க ஆடுவீங்க மாமா."

"எனக்கு முட்டி வலி புள்ள."

"முட்டிக்கும் சேத்துத்தான் போடுறேன்."

அன்று முதலில் தெரிந்த பாட்டுகளைப் போட்டாள். அவற்றுக்கு அடியில் தன் நாலு அடியை மெல்ல நுழைத்தாள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து எல்லாரும் இறங்கி வந்தார்கள். மைதானம் மஞ்சளாயிற்று. முக்தார் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். கூட்டம் சூடேறியதும் தன் புதிய இசையைப் போட்டாள். நாலு அடி வந்தது. அதன்மேல் தப்பு ஏறியது.

ஆண்கள் நின்றுவிட்டார்கள்.

ஒரேயடியாக அல்ல, ஒருவர் நிற்க, பக்கத்தில் இருந்தவர் நிற்க, ஆட்டம் அணைந்துகொண்டே போனது. தலையில் கட்டியிருந்த துண்டை இருளப்பன் தன்னையறியாமல் அவிழ்த்துத் தோளில் போட்டார். பெண்களோ நிற்கவில்லை. இந்த அடிக்கு இன்னும் வேகமாக ஆடினார்கள். கல்லாய் நிற்கும் ஆண்களுக்கு நடுவில் பெண்கள் மட்டும் சுழன்றுகொண்டிருந்ததை விஜயகலா புரியாமல் பார்த்தாள்.

இருளப்பன் மேசைக்கு ஓடி வந்தார்.

"ஏய் புள்ள! யாரத் தூக்கிட்டுப் போற?"

அவருக்குப் பின்னாலேயே இராமசாமி, தலையில் கை வைத்தபடி.

"எல்லா அடியும்னு நீதானே கேட்ட! அது மயானத்து அடி!"

தோட்டத்தில் சாவு விழுந்தால் பெண்கள் ரோட்டு வளைவு வரைதான் பாடையோடு போவார்கள். அங்கிருந்து திரும்பிக் குளிக்கப் போய்விட வேண்டும். வளைவைத் தாண்டியதும் தப்பின் அடி மாறும். மயானம்வரை அதே அடி. ஆண்கள் எல்லாரும் அதைப் பாடையின் கனத்தோடு தோளில் சுமந்தவர்கள். பீலிக்கரையில் குளிக்க நிற்கும் பெண்களுக்கோ மலைக்கு அப்பால் ஏதோ முணங்குவதாகத்தான் கேட்கும். அந்த மைதானத்தில் இருந்த பெண்கள் யாரும் அதைக் கிட்டத்தில் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விஜயகலா அதை எடுத்திருக்க மாட்டாள்.

அவள் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. முக்தார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நிப்பாட்டாத புள்ள!" என்று கத்தினாள் வெள்ளையம்மா. விஜயகலாவின் அத்தை, இருளப்பனுக்குக் கொழுந்தியாள். "அது ஒங்களுக்குத்தான் சாவு மச்சான். எங்கள ஒருநாளாவது வளைவுக்கு அங்கிட்டு விட்டீங்களா? எங்களுக்கு இது நல்ல அடி!"

சொன்ன கையோடு ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை இருளப்பன் தலையில் கவிழ்த்தாள். முறைக்காரி ஊற்றியது, கோபிக்க வழியில்லை. மற்றப் பெண்களும் வாளிகளைத் தூக்கினார்கள். துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக நனைந்தார்கள். மூக்கிலிருந்து மஞ்சள் சொட்டும்போது துக்கம் காப்பது கடினம். முதலில் சிரித்தது இராமசாமிதான்.

"சரி, சரி!" இருளப்பன் முகத்தை வழித்துக்கொண்டார். "அந்தத் தப்ப மட்டும் எடுத்திரு. அடியில டும் டும்முன்னு கெடக்குதே, அது கெடக்கட்டும்."

விஜயகலா தப்பின் சத்தத்தை இறக்கினாள். வெறும் நாலு அடி மட்டும் மிஞ்சியது. அதற்கு ஆண்களும் ஆடினார்கள். இருளப்பன் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது; முட்டியை மடக்காமல் தோளை மட்டும் குலுக்கினார். ஆனால் குலுக்கினார்.

தோட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வேலை உண்டு. இது சாமிக்கு, இது பொண்ணு மாப்பிள்ளைக்கு, இது பிணத்துக்கு. எந்த வேலைக்கும் போகாத, யாரையும் சுமக்காத ஓர் அடியை அவர்கள் முதன்முதலாக அன்றுதான் கேட்டார்கள். அதில் பெரிய இசை இருந்ததாகச் சொல்வதற்கில்லை. கொஞ்சம் இடம் இருந்தது. சற்று நேரத்தில் இராமசாமி தம் தப்பையே கொண்டுவந்து திருவிழா அடியை அதன்மேல் அடித்தார். 2009இல் கேகாலை, இரத்தினபுரி என்று ஊர் ஊராகப் போகும் டீஜேயாக ஆனபிறகும் விஜயகலா எந்த நிகழ்ச்சியையும் அந்த வெறும் நாலு அடியில்தான் தொடங்கினாள். புதிதாக ஓர் அடியைப் பதிந்தால், அது எதற்கு அடிப்பது என்று முதலில் கேட்டுக்கொண்டாள்.

அன்று மாலை ஸ்பீக்கர் பெட்டிகளைத் துடைத்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நிவித்திகலவிலிருந்து வந்திருந்த ஒருவரோடு பேசிவிட்டு முக்தார் திரும்பி வந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையும் மஞ்சளாகியிருந்தது. யார் ஊற்றினார்கள் என்று அவர் சொல்லவில்லை.

"தங்கச்சி, அடுத்த மாசம் ஒரு கலியாணத்துக்குக் கேக்கிறாங்க."

"பாடவா நானா?"

"கேட்டன். பாட வாணாமாம்."