பிரிக்பீல்ட்ஸ், எண்பத்தேழில் ஒரு பங்கு

சாயங்காலமானால் என் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "வீட்ட போகோணும்" என்பாள். சுபாங் ஜெயாவில் பாதி ஆயுளைக் கழித்த, திரைச்சீலை முதல் தாளிப்புக் கரண்டி வரை தானே பார்த்துப் பார்த்து வாங்கிய வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் இதைச் சொல்வாள். மறதி நோய் என்றார் டாக்டர். மறதி என்றால் எல்லாம் ஒழுங்காகப் போகவேண்டும் அல்லவா? இவளுக்குப் புதியதெல்லாம் போய், பழையது மட்டும் பளிச்சென்று நின்றது.

அவள் கேட்ட வீடு பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்று. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி இந்நாட்டுக்கு வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். நான் பக்கத்து ஊரான கிள்ளான்காரன், தமிழ்நாட்டு வழி வந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு அவளும் என்னைப் போலவே 'போறேன், வரேன்' என்று பேசப் பழகியிருந்தாள். நோய் வந்ததும் பிறந்த வீட்டுத் தமிழ் முழுசாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் காரில் அழைத்துப் போனேன். அந்த வரிசை வீடுகள் எப்போதோ போய்விட்டன, அடுக்குமாடி நிற்கிறது. அண்ணாந்து பார்த்தாள். "இதில்லை" என்றாள். திரும்பும் வழியெல்லாம் அழுதாள். ஜாமில் மாட்டிக்கொண்டு நான் ஹார்னை அடித்துத் தள்ளினேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

பின்னறையில் எனக்கு ஒரு பொம்மை ரயில் உண்டு. பொம்மை என்று சொன்னால் எங்கள் கூட்டத்தில் சண்டைக்கு வருவார்கள். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறுக்கிய மாதிரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாதி நாள் அந்த அறையில்தான் கிடப்பேன். "என்ன, சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்று நோய்க்கு முன்பெல்லாம் அவள் வாரிவிடுவாள். ரயிலைச் சுற்றி நான் செய்து வைத்திருந்தது பனிமலை. கிள்ளானில் பிறந்தவனுக்குப் பனி எதற்கு என்று அவளே கேட்டிருக்கிறாள்.

அந்தப் பனிமலையை உடைத்துப் போட்டேன். அதே பலகையில் அவளுடைய குவார்ட்டர்ஸைக் கட்ட உட்கார்ந்தேன். சாயங்காலத்தில் அவள் தன் வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் அழாமல் இருப்பாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மண்ணுக்குத் தேயிலைச் சக்கையைவிட நல்லது கிடையாது. வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துச் சலித்தால் அசல் செம்மண் வரும். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வாளியோடு போய் நின்றேன்.

"என்ன அங்கிள், செடிக்கு உரமா?" என்றார் தேநீர் ஆற்றுகிறவர்.

"இல்ல பாஸ், பிரிக்பீல்ட்ஸ் கட்டறேன்."

"கட்டுங்க லா" என்று வாளியை நிரப்பித் தந்தார்.

மெல்லிய கம்பியை முறுக்கி, பச்சைச் சாயம் ஏற்றிய ஸ்பாஞ்சைக் கிள்ளி ஒட்டினால் மரம். தண்டவாளத்து ஜல்லியைப் பரப்பி, தண்ணீரில் கரைத்த பசையில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, கண்மருந்துக் குழாயால் சொட்டவேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். வீடுதான் தெரியாது. பெண் பார்க்கப் போன அன்று முன்கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். கையில் இருந்தது ஒரே ஒரு படம். பள்ளிச் சீருடையில் அவள் வாசலில் நிற்கிறாள், பின்னால் அரை ஜன்னல்.

மீதியை அவளைக் கேட்டே கட்டினேன். காலையில் இட்லி தின்றதை மறந்தவளுக்கு, எந்த ஜன்னலில் எந்தச் சட்டம் உடைந்திருந்தது என்று தெரிந்திருந்தது. மத்தியானங்களில் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று ரயில் பக்கத்தில் ஒரு துணிக்கொடி கட்டி, டிஷ்யூ காகிதத்தில் வெட்டிய வெள்ளைச் சட்டைகளைத் தொங்கவிட்டேன். அவளுக்கு வந்ததே கோபம். இடுக்கியை வாங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

"உங்களுக்கு விசரோ? ரயில் பக்கம் ஆரும் வெள்ளைச் சட்டை காயப்போடுவினமோ? கரி ஒட்டும். அம்மா அடிப்பா."

கரி எஞ்சின் ஓடிய காலம் அது. எனக்கு அது உறைக்கவே இல்லை. கொடியைப் பின்பக்கம் மாற்றினேன். கறுப்புச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, நான் அரும்பாடுபட்டு வெள்ளையடித்த சுவரில் பூசினேன். "இன்னும்" என்றாள். பூசினேன். "இன்னும்." அவ்வளவு நேர்த்தியான சுவர் அது. கூரை இறவாணத்துக்குக் கீழே நன்றாகக் கறுத்த பிறகுதான், "இப்ப சரி" என்றாள்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கைப்பை அலமாரியிலேயே கிடந்தது. மாத்திரை செய்யாததைப் பசையும் தேயிலையும் செய்துவிட்டதாக நம்பினேன், மடையன்.

வேலை முடிந்த அன்று ரயிலை ஓடவிட்டேன். அவள் குனிந்து, பலகை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள். வண்டி வரிசை வீடுகளைக் கடந்து போனது. அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"வந்திட்டன்" என்றாள்.

பிறகு நிமிர்ந்தாள். உடையைச் சரிசெய்துகொண்டு, மூன்றாம் மனிதரிடம் பேசுகிற மரியாதையோடு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், உங்களுக்குக் கனக்கக் கரைச்சல் தந்திட்டன். வீட்ட கொண்டுவந்து விட்டதுக்கு நன்றி."

"இருக்கட்டும்மா" என்றேன்.

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அப்பா வேலையால வாற நேரம். அம்மாவும் கடைக்குப் போயிட்டா. ஆம்பிளையள் ஆரும் உள்ளுக்கு நிண்டா அப்பா ஏசுவார். நீங்கள் போயிட்டு வாங்கோ. உங்கட வீட்டிலயும் தேடுவினம்."

"ஆமாம்" என்றேன். "தேடுவாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் பின்னாலேயே வந்து இரும்புக் கிரில்லை இழுத்துச் சாத்தினாள். உள்ளே ரயில் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கார் நிறுத்துகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லை.

அதன் பிறகு, வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவள் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் நான்தான் வெளியே போய் நிற்கிறேன்.