சக்கரத்தை நிறுத்திய அல்லி

இராக்கம்மாவுக்கு வாய் நீளம். பசறைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் இல்லை. புருஷன் காய்ச்சலில் போன பிறகு வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது. ஒண்டிப் பொம்பளை வாயையும் மூடிக்கொண்டால், அவள் குடியிருந்த லயத்து வாசல் கல்லைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவள் எண்ணம். அதில் தப்பும் இல்லை.

பிறந்தது ராமநாதபுரத்துப் பக்கம். அந்த ஊரை நினைத்து அவள் ஒரு நாளும் ஏங்கினதில்லை. சோற்றுக்கு இல்லாமல்தானே கப்பலேறினாள். ஆனால் அல்லிக்கிழங்கு வேறு விஷயம். கோடையில் கண்மாய் வற்றினதும் சேற்றில் இறங்கித் தோண்டுவார்கள். அவித்துத் தோலை உரித்தால் உள்ளே மஞ்சளாக, மாவு மாவாக இருக்கும். சிலோனுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் அவள் நாக்கு அதை விடவில்லை.

பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஜுனைதீன் நானா வண்டி கட்டிக்கொண்டு மொனராகலை வரைக்கும் வியாபாரத்துக்குப் போய் வருவார். வருகிற வழியில் லயத்துக்கும் துணி கொண்டுவருவார். அவரிடம், அந்தப் பக்கத்துக் குளத்தில் அல்லிக்கிழங்கு கிடைத்தால் கொண்டுவரச் சொன்னாள்.

“மத்தவங்க சீத்தை கேப்பாங்க, சாரம் கேப்பாங்க. நீங்க ஒராள்தான் தங்கச்சி சேத்துக் கெழங்கு கேக்குறீங்க” என்று சிரித்தார். ஆனாலும் அடுத்த தடவை ஈரச் சாக்கில் அரைச் சாக்குக் கிழங்கு வந்தது.

ஒவ்வொரு கிழங்கையும் களிமண் உருண்டைக்குள் வைத்து, ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஸ்டோர்க் குளத்தில் போட்டாள். கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோருக்கு மேலே இருந்த குளம் அது. அதன் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் சுற்றினால்தான் ஸ்டோரில் மற்றதெல்லாம் சுற்றும்.

அல்லி பிடித்துக்கொண்டது. முதல் வருஷமே தண்டை உடைத்து, நாரை உரித்து, கருவாடும் தேங்காய்ப் பாலும் விட்டுக் காய்ச்சினாள். தவளை குந்தின தண்டு என்று மூக்கைப் பொத்தினவர்கள் எல்லாரும், வாசம் லயத்தைச் சுற்றினதும் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். திட்டிக்கொண்டே ஊற்றினாள்.

கிழங்குதான் கைக்கு வரவில்லை. கோடை வரட்டும், குளம் வற்றட்டும் என்று காத்திருந்தாள். ஒரு கோடை போனது. இரண்டு போனது. மூன்றும் போனது. மலை ஓடை விழுகிற குளம் எங்கே வற்றும்? அந்த மலையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. இவள் ஒருத்தரையும் கேட்கவில்லை. கண்மாய்க்காரிக்குக் குளம் என்றால் கோடையில் வற்றத்தான் வேண்டும்.

வீரசிங்கம் கங்காணிக்கு இதில் ஒரு சந்தோஷம். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் கூடினதும், எல்லார் முன்னாலும் கேட்பார்.

“என்ன இராக்கம்மா, கொளம் வத்திருச்சா?”

“ஒங்க மண்டையில முடி மொளைக்கட்டுங்க கங்காணி. அன்னைக்கு வத்தும்.”

வெள்ளைக்காரன் சண்டை முடிந்த மறு வருஷம் கப்பல் அரிசி குறைந்துபோனது. தோட்டத்தில் வாரா வாரம் அளக்கிற அரிசி பாதியானது. அந்த வருஷம் பார்த்து இராக்கம்மாவின் மகள் ரெங்கம்மாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை நாலு மைல் தள்ளி இன்னொரு தோட்டம். நல்ல பிள்ளை. அவன் அப்பன் ரெங்கசாமி நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அறுபது பேர் நடந்து வருவார்கள், வயிறு நிறையப் போடவேண்டும், பசியோடு திரும்பினால் பெண்ணை விட்டுவிட்டுத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சரி என்று தலையை நிமிர்த்திச் சொல்லிவிட்டாள். பிறகு பானையைத் திறந்து பார்த்தாள். இருபது பேருக்குக் காணாது.

அன்றைக்கே கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினாள். நாலு கிழங்கும் மூன்று நாள் தும்மலும் கிடைத்தன. கங்காணியிடம் போய், ஒரே ஒரு நாள் மதகைத் திறந்து குளத்தை வற்றவிடும்படி கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பணிவாகக் கேட்டாள். சக்கரம் நின்றால் தோட்டத்துத் துரை தன் தோலை உரிப்பார் என்று அவர் மறுத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது சக்கரம் தானாகவே நின்றது. அல்லி இலையும் தண்டும் அடைஅடையாக வாய்க்கால் வாயில் போய் அடைத்துக்கொண்டன. ஸ்டோரில் கொழுந்து புளிக்க ஆரம்பித்தது. துரை சிவந்த மூஞ்சியோடு வந்து, இதை நட்டது யார் என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அத்தனை தலையும் இராக்கம்மா பக்கம் திரும்பின.

துரை போனதும் கங்காணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“துரை உத்தரவு. மதகு இன்னைக்கே தெறக்கணும். நட்டவதான் புடுங்கணும். ஒரு வேர் மிச்சம் இருக்கக்கூடாது. அது முடியிற வரைக்கும் ஒனக்குப் பேரு இல்ல.”

பேர் இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ரெங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இராக்கம்மா குளத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“வேரோடயா புடுங்கணும், கங்காணி?”

“வேரோடதான்.”

“புடுங்குன குப்பை?”

“அது யாருக்கு வேணும்? நீயே தூக்கிட்டுப் போ.”

மத்தியானத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இராக்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முதல் குத்திலேயே கடப்பாரை முனையில் கோழி முட்டைப் பருமனில் கறுப்புக் கறுப்பாக ஒரு கொத்து புரண்டு வந்தது. மூன்று வருஷம் யாரும் தொடாத கிழங்கு.

“ஏய் ரெங்கம்மா, அழுதது போதும். சாக்கக் கொண்டா.”

சாயங்காலம் கொழுந்துக் கூடையை இறக்கின பெண்கள் எல்லாரும் குளத்துக்குள் இருந்தார்கள். யார் முதலில் சேற்றை எறிந்தது என்று தெரியவில்லை. இராக்கம்மா என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. வழுக்கி விழுந்தவளைத் தூக்கப் போனவளும் விழுந்தாள். கங்காணி கரையில் நின்று, அவித்தால் ருசியாக இருக்குமா என்று விசாரித்தார்.

“மொதல்ல துரை உத்தரவ முடிக்கிறேங்க. ஒரு வேர் மிச்சம் இருக்கக்கூடாதுல்ல.”

நாலு நாளில் ஏழு சாக்கு. முற்றின அல்லிக்காயை உடைத்து எடுத்த அரிசி தனியாக ஒரு மூட்டை.

கல்யாணத்தன்று இலையில் சாஸ்திரத்துக்கு ஒரு கை சோறு. அதைச் சுற்றி உப்பும் மிளகாயும் போட்டுப் பிரட்டின கிழங்கு, தண்டுக் குழம்பு, அல்லி அரிசியில் வெல்லம் போட்ட பொங்கல். ரெங்கசாமி இலையை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“சோறு எங்கம்மா?”

“வச்சதத் தின்னுட்டு அப்பறம் கேளுங்க சம்பந்தி.”

தின்றான். மூன்றாம் தடவை வாங்கும்போது இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டான். அறுபது பேரும் ஏப்பம் விட்டார்கள். ஜுனைதீன் நானா பெண்ணுக்குச் சேலையோடு வந்து, தான் கொண்டுவந்த கிழங்கு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். கங்காணி சாப்பிட்டதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

புறப்படும்போது ரெங்கசாமி தயங்கித் தயங்கி விதைக்குக் கொஞ்சம் கிழங்கு கேட்டான். அவர்கள் தோட்டத்திலும் ஒரு குளம் இருக்கிறதாம். இராக்கம்மா ஈரச் சாக்கில் கட்டி மகள் கையில் கொடுத்தாள்.

“அந்தக் கொளம் வத்துமா சம்பந்தி?”

“எங்க வத்தும்? வருசம் பூரா தண்ணி. ஸ்டோர் சக்கரமே அதுலதான் ஓடுது.”

“அப்ப நல்லதாப் போச்சு” என்றாள் இராக்கம்மா. “வாய்க்கா ஓரமாவே நடுங்க.”