உறுதிமொழி இல்லாத நோட்டு

கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்த எவரையும் என் ஆல்பத்திலிருந்த பழைய ஒரு ரூபாய் நோட்டைக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. நான் பிறந்த வருடம் பொறித்த நாணயத்தின் படம் அதில் அச்சாகியிருந்தது. ஓரத்தில், வங்கியில் கட்டாகப் பின் அடித்ததில் விழுந்த இரண்டு துளைகள்.

"மத்த நோட்டுல இவ்வளவு ரூபாய் தர்றேன்னு ரிசர்வ் பேங்க் கவர்னர் ப்ராமிஸ் பண்ணி சைன் போட்டிருப்பார். ஒரு ரூபாய்ல அந்த வரியே கிடையாது. இது நேரா கவர்ன்மென்ட் போட்ட நோட்டு" என்று விளக்குவேன். கேட்காதவர்களுக்கும் விளக்குவேன்.

நண்பர் ஒருவர் ஃப்ரீமான்டில் வீடு வாங்கினார். கிரகப்பிரவேசம் முடிந்து திரும்பும்போது ஃப்ரீவேயில் என் மனைவி சொன்னாள்: "மொய்க் கவர்ல வெறும் நூறு டாலர் வைக்க மனசு வரல. கூட வைக்க ஒரு டாலர் இல்ல. உங்க ஆல்பத்துல சும்மா கிடந்த ஒரு ரூபாய்க்குக் குங்குமம் வெச்சு உள்ள போட்டுட்டேன்."

"சும்மா கிடந்ததா?" என்று கத்தினேன். ஆனால் கொடுத்த மொய்யை எந்த முகத்தோடு போய்த் திருப்பிக் கேட்பது?

சில மாதம் கழித்து எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். அதே நண்பர் ஒரு கவரை நீட்டினார். அவர்கள் போனதும் பிரித்தேன். நூறு டாலர். கூடவே, இரண்டு துளைகளும் குங்குமக் கறையுமாக, எதையும் தருவதாக ஒரு வரிகூட இல்லாத என் நோட்டு.