மலைகளுக்கு நடுவே வந்த புதுத்தண்ணீர்

பிரான்சுக்குப் போன முதல் வருஷம் நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன். ரயில் கதவுக்குப் பயம், குளிருக்குப் பயம், பாலாடைக்கட்டியில் பூத்திருந்த பச்சைப் பூசணத்துக்குப் பயம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து நிமிஷம் பிந்தினால் தெருமுனையில் போய் நின்றுவிடுவேன். தண்ணீருக்கு மட்டும் பயந்ததில்லை. ஆற்றுத் தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் ஒரு மத்தியானம் என் மகளைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

அப்போது ஐம்பதுகளின் கடைசி. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். இந்தோசீனாவில் இருந்துவிட்டு, தெற்குப் பிரான்சின் மலைப்பக்கத்தில் ஒரு சிற்றூருக்கு மாற்றலாகி வந்திருந்தார். நானும் மகளும் கொழும்பில் கப்பலேறிப் போய் அவரோடு சேர்ந்தோம். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் அவள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

கோடையில் அவருக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. கூட வேலை பார்த்தவரிடம் ஒரு காரை இரவல் வாங்கி வந்தார். தகர டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது.

"இதுல மூணு பேரு போவலாமா?" என்றேன்.

"இதுல ஒரு கன்னுக்குட்டியையும் ரெண்டு மூட்டை உருளைக்கிழங்கையும் ஏத்திக்கிட்டு வந்தாரு அந்த ஆளு. நீ அவ்வளவு கனமா?"

"அப்ப இந்த வாடை கன்னுக்குட்டியுதா?"

"அம்மா, பேசாம ஏறும்மா" என்றாள் மகள்.

புளிச்சோறு கட்டிக்கொண்டேன். புளி ஊரிலிருந்து கொண்டு வந்தது. கம்பளிச் சட்டை ஆளுக்கு இரண்டு, வயிற்றுவலிக்கு ஓமம், தலைவலிக்குத் தைலம், வழியில் கார் நின்றுவிட்டால் மூடிக்கொள்ள ஒரு ஜமுக்காளம். அவர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "நாங்க சண்டைக்குப் போனப்பகூட இவ்வளவு எடுத்துக்கிட்டுப் போவல" என்றார்.

முதல் நாள் ஒரு பழைய கோட்டைக்குப் போனோம். குன்றின் உச்சியில் பாதி இடிந்து நின்றது. மகள் படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, நூற்றிச் சொச்சத்தில் கணக்கை விட்டுவிட்டு மறுபடியும் கீழே இறங்கிப் போய் முதலிலிருந்து எண்ணினாள். காவலாள் ஒரு குண்டு மனிதர். பிரபுவின் படுக்கையறை, ஆயுத அறை, நிலவறை என்று காட்டிக்கொண்டு வந்தார்.

"குளிக்கிற எடம் எங்கன்னு கேளும்மா" என்றாள் மகள். கேட்டேன். அப்படி ஓர் அறை இல்லையாம். "முந்நூறு வருஷமா யாருமே குளிக்கலியா?" என்று அவள் கத்த, சுவரெல்லாம் எதிரொலித்தது. நல்லவேளை, தமிழில் கத்தினாள்.

காரைக்காலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் நான் பிரெஞ்சு படித்திருந்தேன். என் பேச்சைக் கேட்டுக் காவலாள் தொப்பியைக் கழற்றினார். "மதாம், நீங்கள் பேசினால் மாதாகோவில் பூசைக்கு நேரமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது" என்றார். என் கணவருடைய பிரெஞ்சு பாசறையில் கற்றது. அதில் பாதியைப் பெண்கள் இருக்கும் இடத்தில் பேச முடியாது. மீதிப் பாதியை அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வழியில் பலகை, கல்வெட்டு எது வந்தாலும் வாசிக்கிற வேலை என்னுடையது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்றிரவு ஒரு சத்திரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏரிக்குப் போனோம். மலைகளுக்கு நடுவே நீலமாகக் கிடந்தது. ஒரு முனையில் புத்தம் புதிதாக ஓர் அணை. ஏரிக்கடியில் ஒரு கிராமமே கிடக்கிறது, மாதாகோவிலோடு மூழ்கிவிட்டது என்று சத்திரக்காரி சொல்லியிருந்தாள். மகள் கரையில் குப்புறப் படுத்து வெகுநேரம் கோபுரத்தைத் தேடினாள். நான் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இந்தத் தண்ணி எத்தனை வேலி நெலத்துக்குப் பாயும்?"

"ஒரு குழி நெலத்துக்கும் பாயாது. கரண்டு எடுக்கிறாங்க."

"எடுத்துட்டு?"

"ஆத்துல வுட்டுடுவாங்க."

"சும்மாவா!"

என் பிறந்த ஊர் போலகம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. எங்கள் வீட்டில் ஆனி மாதம் முழுவதும் ஒரே பேச்சுதான்: மேட்டூர் திறந்தார்களா, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது. இவ்வளவு தண்ணீரைப் பயிருக்குக் காட்டாமல் விடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்தது. அப்பாவுக்கு இதைக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஆற்றோரமாகவே சாலை இறங்கியது. அரைமணி நேரத்தில் மலை இரண்டாகப் பிளந்து கிடந்த ஓர் இடம் வந்தது. எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். இங்கே இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறைச் சுவர். மேலே வானம் வேட்டிக்கரை அகலத்துக்குத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது, உடனே தைலம் தேடினேன். அடியில் ஆறு கணுக்கால் ஆழத்துக்குக் கூழாங்கற்களின் மேல் ஓடியது. பதினைந்து இருபது அடி எடுத்து வைக்கிற தூரத்தில், ஆற்றின் நடுவே வெள்ளைக் கற்கள் குவிந்த ஒரு திட்டு. அதன்மேல் மாட்டுவண்டி அளவுக்கு ஒரு பாறை.

கரையில் ஒரு பலகை நின்றது. "வாசி வாசி" என்றார் அவர்.

வாசித்தேன். மேலே அணை இருப்பதால் ஆற்றில் தண்ணீர் திடீரென உயரக்கூடும், நல்ல வெயில் நாளிலும் உயரும், படுகையில் யாரும் இறங்க வேண்டாம் என்று இருந்தது. ஓர் எழுத்து விடாமல் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தோம்.

"மேட்டூர் தொறந்தா போலகத்துக்கு எப்ப வரும்?" என்றார் அவர்.

"பத்துப் பன்னெண்டு நாளாவும். நடுவுல யாரும் மடக்காம இருந்தா."

"அப்ப நாம சாப்புட்டுத் தூங்கி எந்திரிச்சுக்கூடப் போவலாம்."

ஓமத்தையும் ஜமுக்காளத்தையும் சுமந்து வந்த நான், மகளிடம், "போ, போய் வெளையாடு" என்று சொன்னேன். கம்பளிச் சட்டையைக்கூட நானேதான் கழற்றிவிட்டேன். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திட்டுக்குப் போய்க் கல் பொறுக்கினாள். நாங்கள் கரையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் மேட்டில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் படுகையில் இறங்காமல் மேட்டில் நின்றதன் காரணம் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

வளைவுக்கு அப்பாலிருந்து தண்ணீர் வந்தது. வெள்ளம் போலெல்லாம் இல்லை. கொஞ்சம் நுரை, கொஞ்சம் சருகு, சுள்ளிகள். வறண்ட கற்களை நனைத்துக்கொண்டு மெல்லத்தான் வந்தது. ஊரில் வாய்க்காலில் வருவது போலவே இருந்தது.

"அம்மா! புதுத்தண்ணி வந்துட்டு!" என்று கத்தினாள் மகள். போலகத்துப் பிள்ளைகள் செய்வதைத்தான் செய்தாள். கை தட்டிக்கொண்டு தண்ணீரை எதிர்கொண்டு ஓடி, குனிந்து தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டாள். நானும் சோற்றுக்கையோடு எழுந்து கும்பிட்டேன். "உங்கப்பாருக்கு எழுது, புடிச்சு அனுப்பிவுடறோம்னு" என்றார் அவர்.

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் எங்களுக்கும் திட்டுக்கும் நடுவே இருந்த கற்களைக் காணோம். தண்ணீரின் நிறம் மாறியது. பிறகு சத்தம் வந்தது. தண்ணீருக்கடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். எங்கள் ஆறுகளில் மணல்தான், நான் அதுவரை அதைக் கேட்டதில்லை. அவர் சோற்றைப் போட்டுவிட்டு இறங்கினார். நாலாவது எட்டில் இடுப்புவரை போய்விட்டது. ஐந்தாவது எட்டில் ஆற்றோடு விழுந்தார். கொஞ்ச தூரம் கீழே ஒரு வேரைப் பிடித்துத்தான் கரையேற முடிந்தது.

மகள் திட்டின் ஓரத்துக்கு வந்து நின்றாள். திட்டு சுருங்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் நீட்டி, "வா, வா, எங்கிட்ட வந்துடு" என்று கூவிக்கொண்டிருந்தேன். அவளும் காலை எடுத்து வைத்தாள்.

யாரோ என் கைகளைப் பிடித்துக் கீழே அழுத்தினார்கள். தூண்டில்காரர். "கூப்பிடாதீர்கள், மதாம்! கூப்பிட்டால் வருவாள். வந்தால் போய்விடுவாள். பாறை மேல் ஏறச் சொல்லுங்கள்."

அவர் சொன்னது காதில் விழுந்தது, நாக்கு கேட்கவில்லை. அது "வா" என்றே சொல்லப் பார்த்தது. மகள் முழங்காலளவு தண்ணீரில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் கையை உதறிக்கொண்டு கத்தினேன்.

"வராத! எங்கிட்ட வராத! போ! அந்தப் பாறைக்குப் போ!"

அவள் நின்றாள். "போடீ!" என்றேன். அவளை அப்படி ஒருநாளும் விரட்டியதில்லை. அவள் உதடு கோணிக்கொண்டு போனது. திரும்பி நடந்தாள். ஒருமுறை வழுக்கி விழுந்து எழுந்தாள். பாறையில் ஏறி உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். சிறிது நேரத்தில் திட்டே இல்லை. பாறையும் பிள்ளையும் மட்டும் தண்ணீருக்கு நடுவே இருந்தார்கள்.

தூண்டில்காரர் சைக்கிளில் டெலிபோனைத் தேடிப் போனார். நாங்கள் இருவரும் கத்திக்கொண்டே இருந்தோம். அவள் நடுக்கத்தில் கையை விட்டுவிடுவாளோ என்று என் கணவருக்குப் பயம். "பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்லு!" என்றார். "அதான் தெரியாதே ஒனக்கு!" என்று சீண்டினார். உடனே ஆற்றின் இரைச்சலுக்கு மேல் வீம்பாக ஒரு குரல் வந்தது. பன்னெண்டொண்ணு பன்னெண்டு. அப்புறம் பதிமூன்று. பதினாலில் தப்பு விட்டாள். நான் திருத்தினேன், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா திருத்தினால் மட்டும் மாற்றிச் சொன்னாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தண்ணீர் வந்தது போலவே மெல்ல இறங்கியது. தூண்டில்காரரின் டெலிபோனால் அணையை அடைத்தார்களா, அவர்களுக்கே கரண்டு போதுமென்று ஆகிவிட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் திரும்பும்போது கொண்டு வந்திருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரும் என் கணவரும் போய் அவளைத் தூக்கி வந்தார்கள். ஜமுக்காளத்தை விரித்து நின்ற என்னிடம் அவள் வரவில்லை. அப்பாவின் கழுத்தை விடாமல், "அது என்னைப் போன்னு சொல்லிச்சு" என்றாள். அவள் என்னை "அது" என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

தூண்டில்காரர் வீட்டில் சூடாகச் சூப் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் போக வேண்டிய பழைய பாலத்துக்கு நாங்கள் போகவில்லை.

அவள் கோபம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அதற்கு மேல் தாங்காது. பள்ளியில் போய், நூறடி வெள்ளத்தில் ஒற்றையாக இருந்ததாகக் கதை அளந்தாள். எனக்குத்தான் தீரவில்லை. "வா" என்ற சொல் வாயில் எழ மறுத்தது. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றாலும் அவள் இருக்கும் அறைக்கே போய்த் தோளைத் தொடுவேன். பள்ளி விட்டு அவள் எதிர்ப்பக்கம் வந்தால் நான் தெருவைக் கடந்துபோய்க் கையைப் பிடிப்பேன்.

பனிக்காலத்தில் ஒருநாள் அப்படிப் போனபோது கூட்டாளிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் முகம் சிவந்து, தமிழில் என்னைக் கடிந்துகொண்டாள்.

"ஏம்மா நீ குறுக்க வர்ற? வண்டி வருதுல்ல? அங்க நின்னு கூப்புடேன், நான் வர மாட்டனா?"

நான் திரும்பி நடந்து பழைய இடத்தில் போய் நின்றேன். தெருவின் இரு பக்கமும் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். வண்டி எதுவும் இல்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். "வா" என்று கூப்பிட்டேன்.