பழைய வேலையிடத்துப் பழக்கம்

வெள்ளவத்தையில் மணப்பெண் அலங்காரம் என்றால் சுபோதினிதான். அவள் உடுத்திவிட்ட சீலை, பெண் மூன்று பந்தி இருந்து சாப்பிட்டாலும் குலையாது. அந்தக் கை முன்பு எதைத் தூக்கியது என்று யாரும் கேட்டதில்லை. மாமியாருக்குத் தெரிந்தமட்டில், மருமகள் வன்னியில் இருந்த காலமெல்லாம் தையல் படித்தவள். அவ்வளவு படித்தும் ஒரு சட்டை தைக்கத் தெரியவில்லையே என்பது மாமியாரின் தீராத மனக்குறை.

இயக்கத்தில் கூட நின்ற இருவர் கொழும்புக்கு வந்தபோது, காலி வீதிச் சைவக்கடையொன்றில் சந்திக்க ஏற்பாடாயிற்று. முன்னாள் போராளிகள் கூடினால் விசாரணை வரும், பிறந்தநாள் என்றால் வராது. ஆகவே கேக் வாங்கினார்கள். யாருடைய பிறந்தநாள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மூவருக்குமே சுவரில் முதுகு சாய்த்து வாசலைப் பார்க்கும் கதிரைதான் வேண்டியிருந்தது. கடைசியில் ஒரே பக்கத்தில், பஸ்ஸில் போகிறவர்கள்போல நெருங்கி இருந்தார்கள்.

“கனல்விழி…” என்று ஒருத்தி இயக்கப் பெயர் சொல்லித் தொடங்கினாள்.

“மெல்லக் கதையடி. என்ர பேர் சுபோதினி.”

“அதுவோ உன்ர பேர்? நான் ரூபிகா.”

“நான் அகீலா,” என்றாள் மற்றவள்.

ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் அன்றைக்குத்தான் அறிமுகமானார்கள்.

எதிர்ச் சுவரோரம், தலைமயிரை ஒட்ட வெட்டிய ஒருவர் பிளேன்டீயோடு இருந்து இவர்களையே பார்த்தார்.

“உளவுக்காரன்தான்,” என்றாள் அகீலா. மூவரும் அவசரமாகக் கைதட்டி வாழ்த்துப் பாடினார்கள். ஆளுக்கு ஆள் அடுத்தவளைப் பார்த்துப் பாடினார்கள்.

அவர் எழுந்து வந்தார். “நங்கி, சுவர் இல்லாத இடத்தில் நானும் இருக்கமாட்டேன்,” என்றார் சிங்களத்தில், தங்கையை அழைப்பதுபோல. “முகமாலைப் போர்முனையில் நின்றேன். எதிர்ப்பக்கம்.”

சுபோதினி கேக் வெட்டும் கத்தியைத் தன் பக்கம் இழுத்தாள். அவரோ பையைத் திறந்து, ஆயுள் காப்புறுதி பற்றி விளக்கத் தொடங்கினார்.

“உடம்பில் இரும்புத்துண்டு ஏதும் இருக்கிறதா?”

“மூன்று பேருக்கும் இருக்கு,” என்றாள் ரூபிகா.

“அப்படியென்றால் கம்பெனி எடுக்காது. என்னையே எடுக்கவில்லை.” அவர் முதுகைத் தடவிக்கொண்டார்.

முதலில் சிரித்தது அகீலா. பிறகு சுபோதினிக்கும் அடக்க முடியவில்லை. அவருக்குக் கேக் வெட்டிக் கொடுத்தவள், கலியாண வயதில் அவருக்கொரு மகள் இருப்பதை அறிந்ததும் தன் தொழில் அட்டையையும் கொடுத்தாள்.

மார்கழியில், இரத்மலானையில், அந்த மகளுக்குக் கண்டிச் சீலை உடுத்தியது சுபோதினிதான். ஆளை எப்படித் தெரியும் என்று மனைவி அவரைக் கேட்டார்.

“பழைய வேலையிடத்துப் பழக்கம்,” என்றார் அவர்.

சுபோதினி வாயில் ஊசிகளைக் கவ்வியபடி தலையாட்டினாள்.