அக்காவுக்கு எடுப்பான நிறம்

கைப்பிடி போன அலுமினியக் கிண்ணம் ஒன்று எங்கள் வீட்டில் குளிக்கும் இடத்துத் தட்டியின் மேல் இருக்கும். அதைச் சமையலுக்குத் தொடக் கூடாது. அக்காவுக்கு டை கலக்கவென்றே அம்மா அதை ஒதுக்கி வைத்திருந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தால், அதற்கு முதல் நாள் கிண்ணம் கீழே இறங்கும். அம்மா பால் கவரைக் கையில் மாட்டி மணிக்கட்டில் நூல் சுற்றிக்கொள்வாள். தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை கறுப்பைப் பூசுவாள். புருவத்துக்குத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொள்வாள். அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி உட்கார்ந்திருப்பாள். எரிச்சல் தாங்காமல் தோள் மட்டும் அவ்வப்போது குலுங்கும். வாயிலிருந்து ஒரு சத்தம் வராது.

அக்கா பிறக்கும்போதே வெளுப்பு. தோல், முடி, கண் இமை, எல்லாமே. அம்மாவும் காலமான அப்பாவும் நானும் நல்ல கறுப்பு. ஆஸ்பத்திரியில், இது வியாதி இல்லை, உடம்பில் நிறம் ஊறாத பிறவி, வெயிலில் விடாதீர்கள், பார்வை மங்கலாகத்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்களாம். ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் எங்கள் தெருப் பிள்ளைகள் அவளைத் துரைசானி என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாததால் சீக்கிரமே நின்றுவிட்டாள். வீட்டிலேயே பூ கட்டினாள். கண்ணை விட அவள் விரல்கள் நன்றாகப் பார்க்கும். தன் தலைக்கு மட்டும் மல்லிகை வைத்துக்கொள்ள மாட்டாள். வைத்தாலும் தெரியாது. கனகாம்பரம்தான் வைப்பாள்.

அந்த முடியை வெள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி, பிறகு வளர்ந்து, அம்பத்தூரில் வெளிநாட்டுக்கு விக் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் எனக்கு நிறம் என்றால் என்ன என்று தெரிந்தது. கோவில்களில் இறக்கிய முடி மூட்டை மூட்டையாக வரும். அலசி, சிக்கெடுத்து, மருந்துத் தொட்டியில் போட்டு அதன் கறுப்பை உறிஞ்சி எடுப்போம். பிறகு வேண்டிய நிறத்தை ஏற்றுவோம். தங்கம் என்று வெளியில் சொல்லும் ஒரே நிறத்துக்குள் தேன், கோதுமை, வெண்ணெய், சாம்பல், செம்பு என்று இத்தனை பிரிவு உண்டு என்பதை என் கண் அங்கேதான் படித்தது. மாதிரிக்காக ஒவ்வொரு நிறத்திலும் விரல் தடிமனுக்கு ஒரு கொத்து முடியை வளையத்தில் கோத்து வைத்திருப்போம்.

ஒரு முறை முடி வாங்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்திருந்தார். தன் கையைத் திருப்பி மணிக்கட்டின் உட்பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னார். சூப்பர்வைசர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "நரம்பு நீலமா தெரிஞ்சா அந்தத் தோலுக்கு சாம்பல் ஓடுன தங்கம் எடுக்குமாம். பச்சையா தெரிஞ்சா தேன் கலர் எடுக்குமாம். தப்பா வெச்சா மூஞ்சி சீக்காளி மாதிரி ஆயிடுமாம்." நாங்கள் எல்லோரும் அவரவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தோம். பக்கத்தில் நின்றவன், "மாமே, நமக்கு நரம்பே தெர்லயே. நமக்கு மொட்டதான் எடுக்கும்போல" என்றான். அந்த அம்மாவுக்கு விளங்காவிட்டாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சின்ன வயதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த எனக்கு, அவள் மணிக்கட்டில் ஓடும் நீல நரம்புகள் நன்றாகத் தெரியும்.

அந்தக் கோடையில் பூந்தமல்லியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மா வழக்கம்போலக் கறுப்பாக்கி வைத்திருந்தாள். கறுப்பு முடிக்கு நடுவில் அக்காவின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. காபி கொடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்ற கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. காதோரத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கி, தாடைக்கு வந்து, ரவிக்கைக் கழுத்தில் சொட்டியது. மாப்பிள்ளையின் அத்தை குனிந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது, பொண்ணு கறுப்பா அழுவுது?"

யாரோ சிரித்தார்கள். அம்மா பாய்ந்து முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கன்னம் முழுக்கப் பரவியது. அக்கா முகத்தைக் கொடுத்தபடி அசையாமல் நின்றாள். நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு எப்போதும் வாய் வராது. அன்றைக்கும் வரவில்லை.

அதன் பிறகு அக்காவின் தலையில் புண் வந்து சீழ் வைத்தது. டை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்து, முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். அடுத்த வருஷம் கொரட்டூரிலிருந்து ஒரு வரன் வந்தபோது, புண் ஆறி, காதை மூடும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. அம்மா மறுபடியும் டை பாக்கெட் வாங்கி வந்துவிட்டாள். தான் கண்ணை மூடுவதற்குள் அக்காவை ஒரு கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. மாதா கோவில் பூசையிலும் அதற்காகத்தான் அழுவாள்.

அன்றைக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள்.

"தம்பி, உங்க கம்பெனில வெள்ளக்காரிங்களுக்கு இன்னா கலருடா வெப்பீங்கோ?"

"ஆளுக்கு ஏத்த மாரிக்கா."

"அப்ப எனக்கு இன்னா வெப்ப?"

கேலியாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. பூசித்தான் ஆக வேண்டும் என்றால், தன் முகத்துக்கு ஒத்துப்போகிற ஒன்றைப் பூசிக்கொள்ளலாமே என்பதுதான் அவள் எண்ணம். சூப்பர்வைசரிடம் கேட்டு மாதிரி வளையத்தை சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். டியூப்லைட்டில் நிறம் பொய் சொல்லும். பகல் வெளிச்சம் வேண்டும். ஒவ்வொரு கொத்தாக அவள் கன்னத்தோரம் பிடித்துப் பார்த்தேன். அம்மா அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு, "இன்னாடா இது, ஊடா நாடகக் கொட்டாயா?" என்று முணுமுணுத்தாள். செம்பு நிறத்தைப் பிடித்ததும் அவளே, "அய்ய, அத்த எடு. மூஞ்சி வெந்தா மாரி கீது" என்றாள். தேன் நிறத்துக்கு அக்காவின் கண் சிவந்து தெரிந்தது. "அதுவும் வோணாம். அழுத மாரி கீது." அடர் பழுப்பு, கண்ணுக்குக் கீழே குழி விழுந்ததுபோலக் காட்டியது. அம்மா நறுக்குவதை விட்டுவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அக்காவுக்கு எந்த நிறமும் சரியாகத் தெரியவில்லை. எங்கள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, யாரோ அவளுக்குப் புடவை எடுப்பதுபோல முகம் மலர உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாகச் சாம்பல் ஓடிய கோதுமை நிறத்தைப் பிடித்தேன். அவள் முகம் அடங்கி, அமைதியாகிவிட்டது. தோலின் சிவப்பு தணிந்து, கண்கள் எடுப்பாகத் தெரிந்தன. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நல்லா கீது" என்றாள். நான் அந்தக் கொத்தை அக்காவின் காதுக்குப் பின்னால் வைத்து, எப்படி இருக்கிறது என்று தள்ளி நின்று பார்த்தேன். கொத்தைக் காணவில்லை. எது கம்பெனி முடி, எது அவள் முடி என்று எனக்கே தெரியவில்லை. விரலை விட்டுத் தடவித்தான் வெளியே எடுத்தேன்.

"இன்னாடா தேடற?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் சத்தமாகச் சிரித்தாள். அம்மா திரும்பிப் போய் அரிவாள்மணையில் உட்கார்ந்துகொண்டாள். டை பாக்கெட் பிரிக்கப்படாமலே இருந்தது.

அப்படியே, தன் முடியோடு, அக்கா கொரட்டூர்க்காரர் முன்னால் வந்து நின்றாள். அவர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். அவருடைய அக்காவும் அக்கா புருஷனும் கூட வந்திருந்தார்கள். அவர் என் அக்காவை நேராகப் பார்த்தார். அவள் கண்ணைச் சுருக்குவதைக் கவனித்து, "வெளிச்சம் கூசுதா?" என்று கேட்டு, தானே எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் அப்படிச் செய்ததில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவருடைய அக்கா பேச்சை எடுத்தாள். "எங்களுக்குப் புடிச்சிக்கீது. ஓல படிக்கச் சொல்லிடலாம்." கோவிலில் கல்யாணத்தை முன்கூட்டி அறிவிப்பதைத்தான் எங்கள் பக்கம் ஓலை என்போம். "ஒண்ணே ஒண்ணும்மா. கல்யாணத்தன்னிக்கு மட்டும் டை அடிச்சிடுங்கோ. சொந்தக்காரங்க வாய மூட முடியாது. போட்டோலயும் கெழவி மாரி தெரியக் கூடாது பாருங்கோ."

"அதுக்கு இன்னாம்மா, ஒரு நாளுதானே, அடிச்சிடலாம்" என்றாள் அம்மா. அந்த அவசரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் அக்கா, அவர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கோ. உங்களுக்கும் அப்டிதானா?"

அவர் தன் அக்காவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அக்கா சொன்னா செரிதான். ஒரு நாளுதானே."

"ஒரு நாளு இல்லீங்க. போட்டோ செவுத்துலயே இருக்குமே. தெனம் அதையும் பாப்பீங்கோ, என்னையும் பாப்பீங்கோ. அந்தப் பொண்ணு யாருன்னு நாளைக்கு எம் புள்ள கேக்கும்." பிறகு, "காபி ஆறுது, குடிங்கோ" என்றாள்.

அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அது அக்காவுக்குத் தெரிந்திருக்காது. நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. "நான் பூட்டா உன்ன யாருடி பாத்துப்பா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அக்கா கட்டிக்கொண்டிருந்த பூவிலிருந்து கையை எடுக்காமல், "தம்பி கீறான்" என்றாள். என்னைக் கேட்டுச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் கூச்சத்தில் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்த வார்த்தையைப்போல எனக்குப் பெருமை தந்த வார்த்தையை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. பிறகு வேறு வரன் எதுவும் வரவில்லை.

அம்மா அவளோடு சரியாகப் பேச வெகுநாள் ஆனது. பேச ஆரம்பித்த பிறகும் கொரட்டூர்ப் பேச்சை எடுக்கவே மாட்டாள். மன்னித்தாளா, மனம் சலித்தாளா என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. சில வருஷம் கழித்து, கோவில் திருவிழாவில் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணுக்கு ஒரு டை அடிச்சி வுட்டா நல்லா இருக்குமேம்மா" என்று யோசனை சொன்னாள். அம்மா அக்காவின் தலையைப் பார்த்தாள்.

"வோணாம்மா. அவ மூஞ்சிக்குக் கறுப்பு ஒத்துவராது. நாங்க பாத்துட்டோம்."

அக்கா கையால் தடவி, அம்மாவின் முந்தானை நுனியைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்று அம்பத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள், பெண்கள் தலையில் எல்லாம் தங்க நிறம். சிலருக்கு எடுக்கிறது, சிலருக்கு எடுக்கவில்லை. என் கண் தானாக அவர்கள் மணிக்கட்டுக்குப் போய்விட்டு வரும். அக்கா பூ கட்டுவதை நிறுத்திவிட்டாள். விரல் வலி. இப்போது நான்தான் அவளுக்குத் தலை வாரி விடுகிறேன். போன மாதம் ஒரு காலையில் ஜன்னலோரம் வாரும்போது கை நின்றுவிட்டது. அந்தக் கோதுமையும் சாம்பலும் எங்குமே இல்லை. நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை சுத்தமான வெள்ளை. வேறு யார் பார்த்தாலும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே முடி என்றுதான் சொல்வார்கள்.

"இன்னாடா, வாராம நின்னுட்ட?"

"உனக்கு நரைச்சிடுச்சிக்கா."

"நெசமாவா?" என்று கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "பாத்தியா தம்பி, எல்லார மாரியும் எனக்கும் நரைக்குது."